நீர்மூழ்கியும் வணிகக் கப்பலும்: 'நூறு வீத யதார்த்தம்' பற்றிய சில குறிப்புகள்

கணினி விளையாட்டு ஆய்வேட்டுக்குரிய பொருளா என்ற ஐயம் வாசகர் சிலரிடத்து எழுதல் கூடும். நாட்டார் பாடல் பற்றியும், கூத்துப் பற்றியும், வெகுசனச் சினிமா பற்றியும் ஒரு காலத்தில் இதே ஐயம் எழுப்பப்பட்டது. பெருந்தொகையான மக்கள் எதில் தம் ஓய்வு நேரத்தைச் செலவிடுகின்றனரோ, எதன் வழியாகக் கடந்த காலம் பற்றிய படிமங்களைப் பெறுகின்றனரோ, அது சமூக நோக்குடைய ஆய்வாளனுக்குப் புறம்பான பொருளாதல் இயலாது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கடலைப் போலச்செய்து காட்டும் நீர்மூழ்கி விளையாட்டுகளில் வணிகக் கப்பல் எவ்வாறு எதிர்ப்படுகின்றது, அந்த எதிர்ப்பாட்டில் எது காட்டப்படுகின்றது, எது காட்டப்படாது விடப்படுகின்றது என்பவற்றையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

இதனைத் திருகோணமலையிலிருந்து நோக்குவதற்குத் தக்க காரணமுண்டு. இவ்விளையாட்டுகள் திரையிற் காட்டும் போர் நம் வாசலில் நிகழ்ந்த போராகும். 1943ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 1945 வரை பிரித்தானிய நீர்மூழ்கிகளின் கீழைத்தேயத் தளங்களுள் முதன்மையானது திருகோணமலையே. 'அடமன்ட்', 'மெய்ட்ஸ்டன்', 'வுல்ஃப்' ஆகிய தாய்க்கப்பல்கள் வெவ்வேறு காலப்பகுதிகளில் இத்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றன. நீர்மூழ்கிகள் அவற்றின் அருகே வந்து எண்ணெயும் உணவும் டோர்பிடோக்களும் ஏற்றிக்கொண்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைக்கும் சுமாத்திராக் கரைக்கும் சென்றன. சில வாரங்களில் மீண்டன, சில மீளவில்லை. மறுகரையில் பினாங்கு யப்பானியரதும் பின்னர் ஜேர்மனியரதும் நீர்மூழ்கித் தளமாக இருந்தது. ஒரு விரிகுடாவின் இரு கரைகளிலும் இரு வல்லரசுக் கூட்டுகள் தத்தம் நீர்மூழ்கிகளை நிறுத்தியிருக்க, நடுவே அரிசியும் எண்ணெயும் மனிதரும் ஏற்றிய கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன.

விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1960களின் நடுப்பகுதியில் யப்பானியக் கேளிக்கைக் கூடங்களில் 'பெரிஸ்கோப்' என்ற மின்பொறி விளையாட்டு வைக்கப்பட்டது. அட்டையில் வெட்டிய கப்பல்கள் சங்கிலியில் நகர, காசு போட்டவர் ஒளிக்கதிரால் அவற்றைச் சுட்டார். 1976இல் அமெரிக்காவில் 'சீ வுல்ஃப்' வந்தது. அதில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு புள்ளி. 1985இல் சிட் மையர் உருவாக்கிய 'சைலன்ட் சேர்விஸ்' வீட்டுக் கணினிக்குரியதாயிற்று. பின்னர் 1996இல் தொடங்கிய 'சைலன்ட் ஹண்டர்' வரிசை, குறிப்பாக 2005இல் வந்த அதன் மூன்றாம் பாகமும் 2007இல் வந்த நான்காம் பாகமும், இவ்வகையின் செந்நெறி ஆக்கங்களாக இன்றும் மதிக்கப்படுகின்றன. நான்காம் பாகத்தின் 2008ஆம் ஆண்டு இணைப்பில் ஆடுபவர் பினாங்கிலிருந்து ஜேர்மனிய நீர்மூழ்கியைச் செலுத்தி இந்து சமுத்திரத்துக்கு வரலாம். கொழும்பையும் திருகோணமலையையும் நோக்கி வரும் கப்பல்களே அவருக்கு இலக்கு என்பது நம்மவர் மனங்கொளத்தக்கது.

எதிர்ப்பாட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே விளக்குதல் வேண்டும். இவ்விளையாட்டின் கவர்ச்சி அதிலேயே தங்கியுள்ளது. விளையாட்டின் பெரும்பகுதி காத்திருத்தலாகும். கடல் வெறுமையாக இருக்கும். பின்னர் நீரடி ஒலிக்கருவியில் தாளந் தவறாத ஓர் இரைச்சல் கேட்கும். அல்லது அடிவானத்தில் ஒரு புகைக்கோடு தெரியும். தலைவன் கலத்தை அமிழ்த்திப் பெரிஸ்கோப்பை உயர்த்துகின்றான். கண்ணாடியில் ஒரு பக்கத்தோற்றம்: இரு பாய்மரத் தண்டுகள், ஒரு புகைபோக்கி, நடுவே உயர்ந்த மேற்கட்டு. அடையாளக் கையேட்டைப் புரட்டி அத்தோற்றத்துக்கு ஒப்பான படத்தைத் தேடுகின்றான். கையேடு அக்கப்பல் வகையின் பாய்மர உயரத்தையும் நீளத்தையும் கூறும். உயரம் தெரிந்தால், கண்ணாடியில் அது எவ்வளவு கோணத்தை அடைக்கின்றது என்பதைக்கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். நீளம் தெரிந்தால் வேகத்தைக் கணிக்கலாம். பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டை அசையாது நிறுத்தி, கப்பலின் முன்முனை அக்கோட்டைத் தொட்ட கணத்திலிருந்து பின்முனை கடக்கும்வரை வினாடிகளை எண்ண வேண்டும். 120 மீற்றர் நீளமான கப்பல் 30 வினாடியில் கடந்தால் வினாடிக்கு 4 மீற்றர், அதாவது ஏறத்தாழ 8 நொட் வேகம். மூன்றாவதாக, கப்பலின் முன்முனை நம்மை நோக்கி எத்துணைக் கோணத்தில் உள்ளதென்பது கண்மதிப்பால் அறியப்படுவது, இதுவே கடினமானது. இம்மூன்றும் கிடைத்ததும் ஒரு முக்கோணம் உருவாகின்றது. அதன் ஒரு பக்கம் கப்பல் செல்லும் வழி, மறுபக்கம் டோர்பிடோ செல்லும் வழி. இரண்டும் ஒரு புள்ளியில் ஒரே நேரத்திற் சந்திக்க வேண்டும்.

பிரித்தானிய நீர்மூழ்கிகளில் இக்கணிப்பைச் செய்த பொறிக்கு மாலுமிகள் இட்ட பட்டப்பெயர் 'ப்ரூட் மெஷின்' என்பதாகும்; அதாவது மதுக்கடைகளில் காசு போட்டு ஆடும் சூதாட்டப்பொறி. திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கலங்களிலும் அது இருந்தது. விளையாட்டு போரைப் போலச்செய்வதற்கு வெகுகாலம் முன்னரே போர் தன் கருவிக்கு விளையாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

ஆடுபவர் இம்முழு வேலையையும் தாமே செய்யலாம்; அல்லது பொறியிடம் ஒப்படைத்துவிடலாம். இதனைத் தீர்மானிப்பதற்கென 'யதார்த்த வீதம்' என்ற ஒரு பட்டியல் விளையாட்டுத் தொடங்குமுன் தரப்படுகின்றது. எரிபொருள் தீருமா, மின்கலம் தீருமா, டோர்பிடோ சிலவேளை வெடிக்காது போகுமா, பழுதுபார்க்க உண்மையான நேரம் எடுக்குமா, கப்பல் உண்மையில் மூழ்குமளவு நேரம் எடுத்து மூழ்குமா, இலக்கைக் கையாற் கணிக்க வேண்டுமா என ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யத் தெரிவு செய்ய வீதம் ஏறும். அனைத்தையும் ஏற்றுக்கொண்டால் நூறு வீத யதார்த்தம். நாம் இப்பட்டியலைப் பலமுறை வாசித்தோம். அதில் மூழ்கும் கப்பலினுள் இருப்போரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இலக்கியத் திறனாய்வு பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருதல் இயல்பு. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்குமிடையிலான வேறுபாடு நம் விமரிசகரால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வற்புறுத்தப்பட்ட ஒன்று. மார்கிரட் ஹாக்னெசுக்கு 1888இல் எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ், விவரங்களின் உண்மை மாத்திரம் யதார்த்தத்துக்குப் போதியதன்று, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தரை உண்மையாகக் காட்டலும் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். லூக்காச் 1936இல் விவரித்தலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்ந்தபோது இதனையே வளர்த்தெடுத்தார். அந்நோக்கிற் பார்த்தால் நீர்மூழ்கி விளையாட்டு, இயற்பண்புவாதத்தின் கடைக்கோடி எல்லையில் நிற்கும் கலைவடிவம். ஆணியும் தகட்டின் துருவும் உண்மை. வால்வைத் திருகும் ஓசையும் உண்மை. மாந்தர் இல்லை.

இதனை விளையாட்டு ஆக்கியோரின் கவனக்குறைவென்று தள்ளிவிட்டால் நம் ஆய்வு மேலோட்டமானதாகிவிடும். அவர்கள் போரின் ஆவணங்களை உண்மையாகவே பின்பற்றியுள்ளனர். நீர்மூழ்கித் தலைவன் தன் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கை எவ்வாறிருந்ததோ, அவ்வாறே விளையாட்டின் நாட்குறிப்பும் உள்ளது: திகதி, இடம், கப்பல் வகை, தொன். ஜேர்மனியத் தளபதி டோனிட்சின் போர்முறைக்கே தொன்போர் என்று பெயர். எதிரியின் கப்பல் எங்கே மூழ்கினாலென்ன, எதை ஏற்றிச் சென்றாலென்ன, மூழ்கும் தொன் கட்டப்படும் தொன்னை விஞ்சினாற் போதும் என்பது அதன் அடிப்படை. விளையாட்டில் ஆடுபவர் தேடும் புகழ்ப்புள்ளியும் தொன்னினாலேயே அளவிடப்படுகின்றது. நடுநிலை நாட்டுக் கப்பலை மூழ்கடித்தால் புள்ளி குறையும். அறவுணர்வுக்கு இடமளிக்கப்பட்டுள்ள ஒரேயிடம் இது. அதுவும் கொடியைப் பொறுத்தது.

தொன் என்பது யாது? பலர் அதனை எடையென்று கருதுகின்றனர். வணிகக் கப்பலைப் பொறுத்தவரை மொத்தப் பதிவுத்தொன் என்பது கொள்ளளவு. நூறு கன அடி ஒரு தொன். 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் இம்முறையை நிலைநிறுத்தியது. துறைமுக வரியும் கட்டணமும் அறவிடுவதே அதன் நோக்கம். இதிலிருந்து பெறப்படும் நிகரத் தொன் இன்னும் பொருள் பொதிந்தது. இலாபம் ஈட்டவல்ல இடம் எவ்வளவு என்பதை அறியும்பொருட்டு, இயந்திர அறைக்குரிய இடமும் மாலுமிகள் வாழும் இடமும் அதிற் கழிக்கப்பட்டன. கப்பலைச் செலுத்தும் மனிதரின் இருப்பிடம் கணக்கிற் கழிக்கப்படவேண்டிய ஒன்று! மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கும் நிலையை மார்க்ஸ் பண்டங்களைப் பற்றிய ஆய்வில் விளக்கினார். அவ்வுறவு கடலில் எடுத்த வடிவமே தொன். வரி அறவிடுவோனின் அளவுகோல் கொல்வோனின் அளவுகோலாகி, ஈற்றில் ஆடுவோனின் புள்ளியாயிற்று.

கழிக்கப்பட்ட அவ்விடத்தில் வாழ்ந்தோர் யாவர்? போர் தொடங்கிய காலத்தில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலைசெய்தோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் 'லஸ்கார்' எனப்பட்ட இந்திய மாலுமிகள். நிலக்கரி அள்ளிக் கொட்டும் இயந்திர அறைகளிற் சில்ஹெட் போன்ற பகுதிகளின் வறிய உழவர் மக்கள் நிறைந்திருந்தனர். ஐரோப்பிய மாலுமிக்குரிய கூலியின் ஒரு பகுதியே இவர்க்குரிய கூலி. படுக்கும் இடமும் அவ்வாறே குறைவு. 1939இல், போர் வெடித்ததும், இவர்கள் பிரித்தானியத் துறைமுகங்களில் வேலைநிறுத்தஞ் செய்து கூலி உயர்வு பெற்றனர். தொழிலாளர் இயக்க வரலாறுகளில் இவ்வேலைநிறுத்தம் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது நம் கருத்து. டோர்பிடோ தாக்கும்போது முதலில் நீர் புகுமிடம் கீழ்த்தளமே. போரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் உயிரிழந்தனர். பிரித்தானிய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் இலண்டன் டவர் ஹில்லில் வெண்கலத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்கள் பெயர்களோ பம்பாயிலும் சிட்டகொங்கிலும் ஏட்டிற் பதியப்பட்டுள்ளன.

வணிகக் கப்பலைத் தாக்குவதற்கு ஒரு நெறி இல்லாமலிருந்ததில்லை. 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி சென்னையைச் சுட்ட ஜேர்மனியக் கப்பல் 'எம்டன்' நம் மொழியில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. சூழ்ச்சித் திறனுடையவனை 'அவன் பெரிய எம்டன்' என்கின்றோம். அக்கப்பல் இந்து சமுத்திரத்தில் வணிகக் கப்பல்களை மறித்து, மாலுமிகளை வேறு கப்பலுக்கு மாற்றிய பின்னரே மூழ்கடித்தது. 1936ஆம் ஆண்டின் இலண்டன் உடன்பாடு நீர்மூழ்கிகளுக்கும் இந்நெறியை விதித்தது: கப்பலிலுள்ளோரைப் பாதுகாப்பான இடத்திற் சேர்க்காது மூழ்கடித்தல் கூடாது. ஆனால் நீர்மூழ்கியின் பலமே மறைந்திருத்தலில் உள்ளது. அது மேலெழுந்து எச்சரித்தாற் பலமிழக்கும். காப்பாற்றியோரை ஏற்ற இடமும் அதற்கில்லை. எனவே போர் முற்றியதும் எல்லா வல்லரசுகளும் இந்நெறியைக் கைவிட்டன. நல்லெண்ணக் குறைவு மாத்திரம் இதற்குக் காரணமன்று. கருவியின் தன்மையே நெறியை உடைத்தது.

இனித் திருகோணமலை இலக்காக இருந்த நாள்களுக்கு வருவோம். 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. (அதே வாரத்திலேயே சமசமாஜக் கட்சித் தலைவர்கள் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினர், பேரரசின் பிடி தளர்ந்த நாள்கள் அவை.) அதே நாள்களில் யப்பானியக் கப்பற்படையின் மற்றொரு பிரிவு வங்காள விரிகுடாவிற் புகுந்து 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது, அவற்றின் தொகை ஏறத்தாழ 1,12,000 தொன். ஏப்பிரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கி 'ஹேர்மிஸ்' மூழ்கியது அனைவரும் அறிந்தது. அன்றைய தினம் திருகோணமலைத் துறைமுகத்தில் விமானங்களும் வெடிபொருட்களும் ஏற்றி நின்ற 'சகாயிங்' தீப்பற்றியதை அறிந்தோர் குறைவு. பர்மிய நகரொன்றின் பெயர் தாங்கி இரங்கூன் வணிகத்தில் ஈடுபட்ட கப்பல் அது. எரிந்த அதன் உடலை 1943இல் இறங்குதுறையாகப் பயன்படுத்துமாறு அமிழ்த்திவிட்டனர். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் அதனை மீண்டும் மிதக்கவைத்தனர்.

இரங்கூன் வணிகம் என்றால் இலங்கைக்கு அரிசி. போருக்கு முன் இந்நாடு உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல் கடந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து, வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் நிலத்தை ஒப்படைத்துவிட்டு உணவைக் கப்பலில் எதிர்பார்க்கும் பொருளாதாரமே குடியேற்ற ஆட்சி நமக்கு அளித்தது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் கூப்பன் வந்தது; சங்கக்கடை வந்தது; கோதுமை மாவும் பாணும் வந்தன. பின்னாளில் 'அமெரிக்கன் மா' என்ற பெயர் வீடுதோறும் வழங்கலாயிற்று. அரிசிக் கப்பல் வராது போனதன் தடம் இன்றைக்கும் நம் காலை உணவில் உள்ளது. சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல்கள் கொட்டியாரக்குடா வழியாகத்தான் வருகின்றன. விளையாட்டின் மொழியில் இவையனைத்தும் 'சரக்குக் கப்பல், நடுத்தரம்'.

மறுபுறத்தைப் பார்த்தால் காட்சி இன்னும் சிக்கலானது. திருகோணமலையிலிருந்து சென்ற நீர்மூழ்கிகளுட் சில பெரும் போர்க்கப்பல்களை வென்றன. 'டாலிஹோ' 1944 சனவரி 11ஆம் திகதி பினாங்குக்கு அப்பால் 'குமா' என்ற யப்பானியக் குரூசரை மூழ்கடித்தது. ஆனால் மலாக்கா நீரிணையில் யப்பானியரின் பெரிய கப்பல்கள் அருகத் தொடங்க, கரையோரச் சிறு கலங்களும் பாய்மர 'ஜங்க்'குகளும் இலக்காயின. டோர்பிடோவை இவற்றுக்குச் செலவிடுதல் கட்டுபடியாகாது. நீர்மூழ்கி மேலெழுந்து பீரங்கியாற் சுட்டது; அல்லது கலத்திலுள்ளோரைப் படகில் இறக்கிவிட்டு வெடிவைத்தது. ஓட்டிச் சென்றோர் மலாயரும் சீனரும். ஏற்றிச் சென்றவற்றுள் அரிசி முக்கியமானது. மலாயாவும் இலங்கையைப் போலவே இறப்பருக்கு நிலங்கொடுத்து இறக்குமதி அரிசியை உண்ட நாடு. அங்குப் பட்டினி கிடந்தோருள் தோட்டத் தமிழர் முன்னணியில் நின்றனர். விளையாட்டில் மிகக் குறைந்த புள்ளிக்குரிய இலக்குகளுள் ஒன்று 'சம்பான்'. இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. இலங்கைக் கரையோர முஸ்லிம் வணிகரைக் குறித்த 'சம்மாங்காரர்' என்ற வழக்கு இதனடியாகப் பிறந்ததென்பர். அம்பாந்தோட்டை என்ற பெயரும் அவ்வாறே.

கடல்வழி பாதுகாப்பற்றதானபோது யப்பானியர் செய்தது யாது? சிங்கப்பூரிலிருந்து இரங்கூனுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப, மலாக்கா நீரிணையும் அந்தமான் கடலும் நட்பு நாடுகளின் நீர்மூழ்கிகளுக்கு இலக்காகும் என்ற அச்சமே, 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா இரயில் பாதையை 1942–43இல் அவசரமாகக் கட்டுவித்த முதன்மைக் காரணம். அப்பாதையில் 60,000 அளவிலான போர்க்கைதிகள் வேலைசெய்தனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதனிலும் மும்மடங்குக்குக் குறையாது. மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகின்றது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருட் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். அதாவது, கடலில் ஓடமுடியாத கப்பலின் சுமை தமிழ்த் தொழிலாளியின் தோளில் ஏற்றப்பட்டது. திரையில் வெறுமையாகத் தோன்றும் கடலுக்கும் காஞ்சனபுரிக் காட்டில் பரவிய வாந்திபேதிக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பெரிஸ்கோப்பின் வழியே காணவியலாது.

1944 யூன் 26ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து இயங்கிய 'ட்ரக்யூலன்ட்' சுமாத்திராவின் கீழ்க்கரையோரம் 'ஹருகிக்கு மாரு'வை மூழ்கடித்தது. அதனுள் இருந்தோர் எழுநூறுக்கு மேற்பட்ட போர்க்கைதிகள். அவருள் 170க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி, 'ட்ரேட்விண்ட்' சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் 'ஜுன்யோ மாரு'வைத் தாக்கியது. 1913இல் ஸ்கொட்லாந்திற் கட்டப்பட்ட பழைய சரக்குக் கப்பல், 5,065 தொன். கையேட்டிற் காணும் தோற்றமும் அளவும் அவ்வளவுதான். அதன் அறைகளில் மூங்கில் தட்டுகள் அடித்து, 2,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், 'ரோமுஷா' எனப்பட்ட யாவாவின் கட்டாயத் தொழிலாளர் ஏறத்தாழ 4,200 பேரும் அடைக்கப்பட்டிருந்தனர். 5,600 பேர் அளவில் மாண்டனர். காப்பாற்றப்பட்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 680 பேர். யாவாத் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேர். தப்பியோர் தாம் கொண்டுசெல்லப்பட்ட இடத்துக்கே, பெக்கான்பாரு இரயில் பாதைக்கு, மீண்டும் அனுப்பப்பட்டனர். அப்பாதை முற்றுப்பெற்ற நாள் 1945 ஆகஸ்ட் 15. யப்பான் சரணடைந்த அதே நாள்.

கப்பலுள் யாரிருந்தனரென்று அறிய 'ட்ரேட்விண்ட்' தலைவனுக்கு வழியிருக்கவில்லை. கைதிகளை ஏற்றிச் செல்லும் கப்பலென அறிவிக்கும் எவ்வடையாளமும் யப்பானியர் இடவில்லை. அக்கப்பலிற் கைதிகளை நெருக்கி அடைத்த குற்றம் யப்பானிய இராணுவத்தினுடையது. பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியதே என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நீர்மூழ்கி வீரர் கோழைகளென்றோ கொடியரென்றோ நாம் கூறவரவில்லை. 'ஸ்டோன்ஹென்ஜ்', 'ஸ்ட்ரட்டஜெம்', 'போர்பொய்ஸ்' என்பன திருகோணமலைக்கு மீளாத கலங்கள். அவற்றினுள் எண்ணெய்ப் புகையிலும் வியர்வையிலும் வேலைசெய்த சாதாரண மாலுமியும் கிளாஸ்கோவிலோ லிவர்ப்பூலிலோ பிறந்த தொழிலாளி மகனே. நம் வினா கலைவடிவம் பற்றியது. தலைவன் அறியாதிருந்தான்; வரலாறு இன்று அறியும். எண்பது ஆண்டுகளின் பின் ஆக்கப்படும் ஒரு படைப்பு, நூறு வீத யதார்த்தம் என்று தன்னை விளம்பரஞ் செய்துகொண்டே, தலைவனின் அறியாமையை ஆடுபவருக்கு இன்பமாகப் பரிமாறுவது ஏன்?

விடையின் ஒரு பகுதி மூலங்களில் உள்ளது. நீர்மூழ்கி அதிகாரிகள் எழுதினர். திருகோணமலையிலிருந்து 'ஸ்டோர்ம்' என்ற நீர்மூழ்கியைச் செலுத்திய எட்வர்ட் யங், போருக்கு முன் பெங்குவின் பதிப்பகத்தின் பறவைச் சின்னத்தை வரைந்தவர். அவரது நினைவுநூல் 1952இல் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்டது. அந்நூல்களும் தலைமையக அறிக்கைகளுமே விளையாட்டு ஆக்கியோரின் மூலங்கள். ஜங்க் ஓட்டிய மலாயனும் நிலக்கரி அள்ளிய சில்ஹெட்டானும் யாவாவின் ரோமுஷாவும் நினைவுநூல் எழுதவில்லை. எழுதும் வாய்ப்பும் வர்க்கத்தாற் பங்கிடப்பட்ட ஒன்று. எனினும் இலக்கியம் அவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றுள்ளது. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண இரயில்' என்ற நாவல் அத்தகைய முயற்சி. நாவலால் இயன்றது விளையாட்டால் இயலாதென்று முடிவுகட்ட நாம் விரும்பவில்லை. காத்திருத்தலின் நீட்சியை, முடிவெடுக்கும் கணத்தின் தனிமையை ஆடுபவரின் உடலிலேயே உணர்த்தும் ஆற்றல் இவ்வடிவத்துக்கு உண்டு. மூழ்கடித்த கப்பலின் சரக்குப் பட்டியலை மறுநாள் நாட்குறிப்பில் ஆடுபவர் வாசிக்கும்படி செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. விற்பனைத் தடை இருக்கலாம்.

போரொன்றின் கணக்கேட்டில் வணிகக் கப்பல் தொன்னாக மாறும் நிலை 1945உடன் முடிந்துவிடவுமில்லை. இம்மாவட்டத்தின் புல்மோட்டைக்கு அப்பால் கனிமணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் 1997 செப்டெம்பரில் தாக்கப்பட்டபோது சீன மாலுமிகளும் உயிரிழந்தனர். அவர்களைப் பற்றி நம்மவர் எழுதியது மிகக் குறைவு.

ஆய்வுக்குரிய பணிகள் இரண்டினைக் குறிப்பிட்டு அமைகின்றோம். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் எனப் பல்லினத் தொழிலாளர் அங்கு வேலைசெய்தனர். நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் ஏற்றியதையும் உணவுப் பொதி சுமந்ததையும் அறிந்த அத்தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்தம் பிள்ளைகள் நகரிலும் சீனக்குடாவிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ளனர். அவர்களிடமிருந்து வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் வேலையைப் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளலாம். மற்றையது, இன்று இவ்விளையாட்டுகளை ஆடும் நம் இளைஞர் திரையில் இக்கரையோரத்தைக் காணும்போது என்ன உணர்கின்றனர் என்பதைக் கேட்டறிதல். பினாங்கிலிருந்து புறப்பட்டுக் கொழும்புக்கு வரும் கப்பலுக்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரர், அக்கப்பல் யாருக்கு எதைக் கொண்டுவருகின்றதென எப்போதாவது வினவியதுண்டா என்ற கேள்வியை அவ்வினாக்கொத்தில் முதலாவதாக வைக்கலாம்.